பழைய மாணவர் பணம் ஆர்ச்சுக்கா, பரீட்சை ஃபீஸுக்கா?

கல்மண்டபம்2014:

எல்லோருக்கும் வணக்கம். செங்குன்றம் தாண்டி இருக்கும் ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 2014-ல் பி.இ. முடித்தவன் நான். பெயர் வேண்டாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் பேட்ச்சில் பாதிக்கு மேல் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடிப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டிலேயே முதல் பட்டதாரி. இப்போது எல்லோரும் ஓரளவு காலூன்றிவிட்டோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிலர், ஓ.எம்.ஆரில் சிலர், பாரிமுனைப் பக்கம் துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் சிலர், துபாய், சிங்கப்பூர் என்று போனவர்கள் கொஞ்சம் பேர்.

இப்போது நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. மெயின் கேட்டில் பெரிய ஆர்ச் கட்டப்போகிறார்கள், பழைய மாணவர்கள் பங்களிக்க வேண்டும், 25,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர்களின் பெயரைக் கிரானைட் கல்லில் பொறிப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எடுத்ததும் ஆளாளுக்குச் சொன்ன தொகையைக் கூட்டினால் மூன்று லட்சம் வருகிறது. ஆர்ச் வரட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போன ஏப்ரலில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கப் போனபோது அக்கவுண்ட்ஸ் கவுண்டரில் பார்த்ததுதான் மனசில் நிற்கிறது.

காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், ஐந்தாவது செமஸ்டரோ ஆறாவதோ. கையில் பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் முத்திரை வாங்கும் நோ டியூஸ் படிவம். லைப்ரரி முத்திரை இருக்கிறது, லேப் முத்திரை இருக்கிறது, பஸ் முத்திரையும் இருக்கிறது, அக்கவுண்ட்ஸ் கட்டம் மட்டும் காலி. மடித்து மடித்துப் பாக்கெட்டில் வைத்ததில் அந்தத் தாள் நடுவில் கிழிந்தே போயிருந்தது. பாக்கி 14,000 ரூபாய். போனில் அப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான், அவர் "தடை முடிஞ்சு முதல் கடல் போய்ட்டு வந்ததும் கட்டிடறேன் சார்" என்கிறார். கவுண்டரில் இருந்தவரும் கடுமையானவர் இல்லை. "சிஸ்டத்துல பாக்கி காட்டுதுப்பா, நான் கையெழுத்துப் போட்டாலும் ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆகாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே இருந்த நானும் இன்னொரு நண்பனும் சேர்ந்து கட்டினோம். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகில் வேலை செய்பவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து மிச்சத்தில் பங்கு பிரிப்பார்கள். படகு கட்டிக் கிடந்தால் பங்கு ஏது? அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், அது வீட்டு அரிசி பருப்புக்கே சரி. செமஸ்டர் பரீட்சையும் அடுத்த வருட ஃபீஸ் கட்டும் தேதியும் சரியாக இந்த இரண்டு மாதத்தில்தான் வந்து விழுகின்றன. அந்த அப்பா ஏமாற்றுபவர் இல்லை. ஜூன் கடைசியில் கேட்டிருந்தால் கட்டியிருப்பார்.

என் கேள்வி இதுதான். இந்தப் பணத்தை ஆர்ச்சுக்குக் கொடுக்காமல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொடுக்க முடியுமா? கல்லூரி வழியாகக் கொடுப்பதா, நாங்களே சங்கம் பதிவு செய்வதா? யாருக்குக் கொடுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது, அந்தப் பிள்ளைகளின் மானம் போகாமல் எப்படிக் கொடுப்பது? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


பெரம்பூர்_சிங்கை:

நானும் இப்படி ஒரு சின்ன பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான், இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன், ஆனால் கொஞ்சம் எதிர்த்துத்தான் எழுதப்போகிறேன்.

நம் டிகிரியின் மதிப்பு நம் கல்லூரியின் பெயரில் இருக்கிறது. பெரிய இடங்களில் படித்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நம்மைப் போன்றவர்கள் வேலை மாறும் ஒவ்வொரு தடவையும், வெரிஃபிகேஷனுக்கு யாராவது அந்த ஆபீஸுக்கு மெயில் போட்டு, அங்கே ஒருவர் உட்கார்ந்து பதில் அனுப்ப வேண்டும். சேர்க்கை குறைந்து கல்லூரி படுத்துவிட்டால் அந்தப் பதில் வராது. இந்த ஏரியாவில் தெருவுக்குத் தெரு போட்டி நடக்கும்போது, பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மா அப்பா முதலில் பார்ப்பது கேட்டைத்தான். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், படிப்பு எப்படி இருக்கிறது என்று அவர்கள் வேறு எதை வைத்துப் பார்ப்பார்கள்?

இன்னொன்று. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது பழைய மாணவர்களுக்கு என்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஐந்தாவது அளவுகோலில் வரும், பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, அது பணமாகவோ வேறு வகையிலோ கல்லூரிக்கு என்ன செய்தது என்று கேட்பார்கள். நீங்கள் தனியாகப் போய்ப் பத்துப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்தால் நல்ல காரியம்தான், ஆனால் அது எந்தக் கணக்கிலும் வராது. கல்லூரிக்குக் கொடுங்கள், ஆர்ச் பிடிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் லேபுக்கு என்று எழுதிக் கொடுங்கள். நான் போன தடவை வந்தபோது எங்கள் டிபார்ட்மென்ட் லேபில் நாங்கள் உட்கார்ந்த அதே சிஸ்டத்தில் பிள்ளைகள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பார்க்க நன்றாக இல்லை.


மாதவரம்_டீச்சர்:

நான் ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். எது என்று கேட்காதீர்கள். பல வருடமாக, பிள்ளைகளைத் தனியாகக் கவனித்துக்கொள்ளும் வகுப்பு மென்டராகவும் இருப்பதால் கல்மண்டபம் சொன்ன அந்தக் கவுண்டரை நன்றாகத் தெரியும்.

பெரம்பூர் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்களுக்கும் கல்லூரி நிற்க வேண்டும். ஏப்ரல், மே மாதம் எங்களில் பலருக்கு லீவே கிடையாது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை என்று பள்ளிப் பள்ளியாகப் போய் பிளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பர் வாங்கி வந்து, உட்கார்ந்து கூப்பிட வேண்டும், ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு இருக்கும். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விகிதத்தில் உதவிப் பேராசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய், எங்களைப் போன்ற இடங்களில் அதில் பாதி வந்தாலே பெரிது. அதனால் நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேறியவர்கள், பிஹெச்.டி. முடித்தவர்கள், அரசுக் கல்லூரி வேலைக்கான டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், வந்ததும் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒரே பேப்பரை ஒரே செமஸ்டரில் மூன்று பேர் மாறி மாறி எடுத்து, மூன்றாவது யூனிட்டை இரண்டு பேர் நடத்தி, நான்காவது யூனிட்டை யாருமே நடத்தாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அரியர் விழாமல் என்ன செய்யும்?

ஆனால் சார், ஆர்ச்சைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளை மூன்றாவது செமஸ்டரில் நின்றுவிட்டால் கல்லூரிக்கும் நஷ்டம்தான். நிற்கிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். படிப்பு வரவில்லை என்று நிற்பவர்கள் குறைவு. ஒரு ஃபீஸ் தவணை தவறும், ஹால் டிக்கெட் வராது, அந்த செமஸ்டர் பேப்பர் எல்லாம் அரியராக நிற்கும், அப்புறம் வகுப்புக்கு வரவே கூச்சம், சும்மா இருக்கும் நேரத்தில் மணலி பக்கம் ஏதாவது கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் கையில் பணம் வந்ததும் "அடுத்த வருஷம் வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை. இத்தனைக்கும் ஆரம்பம் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ இரண்டு மாதம் தாமதமானதுதான். நாங்களே ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் போட்டுச் சில பிள்ளைகளுக்குக் கட்டியிருக்கிறோம். ஒரு செமஸ்டருக்கு ஒருவர், இருவர் என்றால் எங்களால் முடியும், அதற்கு மேல் முடியாது.

யாருக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். மென்டர்களைக் கேளுங்கள், ஆபீஸைக் கேட்காதீர்கள். ஆபீஸில் பாக்கிப் பட்டியல்தான் இருக்கும், அதில் வசதி இருந்தும் கட்டாதவர்களும் இருப்பார்கள். எந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு எந்த மாதம் கை வறண்டிருக்கும், யார் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு ஓடுகிறது என்பது மென்டருக்குத் தெரியும். ஒன்றே ஒன்று, எங்கள் பெயர் வெளியே வரக்கூடாது, நிர்வாகத்துக்கு எதிராக ஏதோ செய்கிறோம் என்று ஆகிவிடும். ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு கடிதம் எழுதி, பழைய மாணவர்கள் இப்படி ஒரு உதவி செய்ய விரும்புகிறார்கள், மென்டர்கள் பரிந்துரைக்கலாம் என்று ஒரு சர்க்குலர் போட வைத்துவிட்டால் எங்களுக்கும் தைரியம்.

அப்புறம் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று பிள்ளைகளின் ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது, சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேர்ந்துவிட்டு வேண்டாம் என்று விலகினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் சொன்னால் செயலாக்கக் கட்டணம் என்று கொஞ்சம் கழித்து மிச்ச ஃபீஸ் முழுதும், அதற்குள் சொன்னால் 90 சதவீதம், கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. சேரும்போது பிணையாகக் கட்டும் காஷன் டெபாசிட் எப்படியும் முழுசாக வர வேண்டும். இதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் எத்தனையோ பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.


எர்ணாவூர்_பிகாம்3:

அண்ணா, நான் இப்போது தேர்டு இயர் பி.காம். உங்கள் கல்லூரி இல்லை, ஆனால் இதே பக்கம்தான், இதே மாதிரிதான். அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார்.

மேடம் சொன்ன "அப்புறம் வகுப்புக்கு வரவே கூச்சம்" என்பதைப் படித்துவிட்டு என் ஃப்ரெண்டைத்தான் நினைத்தேன். அவள் எண்ணூர் காட்டுக்குப்பம். நாங்கள் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த டிசம்பரில், 2023, மிக்ஜாம் புயல் வந்து, வெள்ளத்தோடு ஆயிலும் கலந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. அவள் அப்பா ஃபைபர் போட்டில் போகிறவர். வலை, போட், இன்ஜின் எல்லாம் ஆயில் பிடித்துப் போய்விட்டது. அதே மாசக் கடைசியில் அமோனியா வாடை வந்து ராத்திரியில் எல்லோரும் வீட்டை விட்டு ஓடினார்கள். அவள் செகண்ட் செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாமல் கொஞ்ச நாள் வரவில்லை. திரும்பி வந்ததும் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லை என்று, அதை மன்னித்துப் பரீட்சை எழுத விடுவதற்கான கண்டோனேஷன் ஃபீஸ் வேறு போட்டார்கள். பணம் இல்லாமல் வராமல் இருந்ததற்கு மறுபடியும் பணம். அவள் கட்டிவிட்டாள், அவள் அம்மா தோடு போனது. இப்போது எங்கள் கிளாஸில் அவள்தான் டாப்.

நீங்கள் உதவி செய்தால் தயவுசெய்து மேடையில் கூப்பிட்டுச் செக் கொடுத்து போட்டோ எடுக்காதீர்கள். எங்கள் காலேஜில் ஒரு தடவை ஒரு அமைப்பு அப்படிச் செய்தது, பெரிய அட்டையில் தொகை எழுதிக் கையில் கொடுத்தார்கள், அந்த போட்டோ இன்ஸ்டாவில் வந்து ஒரு வருஷம் அந்தப் பையனை அந்தத் தொகையைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அப்ளை செய்யவில்லை.

இன்னொன்று சொல்லலாமா? இலவசமாகக் கொடுப்பதை விட, திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். எங்கள் அப்பாவிடம் யாரோ உதவி செய்கிறார்கள் என்றால் வேண்டாம் என்பார், கடனாக என்றால் வாங்குவார், சொன்ன தேதியில் கொடுத்தும் விடுவார். காசிமேட்டு வீடுகளும் அப்படித்தான். அவர்களிடம் பணம் வரும், தேதிதான் ஒத்துவராது. வட்டிக்கு வாங்கினால் பத்து வட்டி கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதுதான் பயம்.

பஸ் விஷயமும் பாருங்கள். பெண்கள் எங்களுக்கெல்லாம் 2021-லிருந்து சாதாரண கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, இலவசம். ஆனால் காலேஜ் பஸ் கட்டாயம் என்று அட்மிஷன் போதே சேர்த்துவிடுகிறார்கள், அது வருஷத்துக்கு ஃபீஸில் பெரிய பங்கு. அரசுப் பள்ளியில் படித்ததால் எனக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் வருகிறது, அது ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, போன் ரீசார்ஜ் இதற்கே போய்விடும். தம்பிகளுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து போய், பஸ் வேண்டாம் என்பவர்களை விட்டுவிடுங்கள் என்று பேசினால் கேட்பார்கள். நாங்கள் கேட்டால் கேட்கமாட்டார்கள்.

பணம் தவிர இன்னொன்றும் வேண்டும். என் கிளாஸில் பாதிப் பேர் சாயங்காலம் வேலைக்குப் போகிறோம், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் தீபாவளி சீசனில் ராத்திரி பத்து மணி வரை. இன்டர்ன்ஷிப் என்று லெட்டர் கொண்டு வரச் சொன்னால் காசு கொடுத்து லெட்டர் வாங்குகிறார்கள், ஏனென்றால் உண்மையான ஆபீஸில் யாரையும் தெரியாது. உங்கள் பேட்ச்சில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறார்கள் என்றீர்களே, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்க விட்டால் எங்களுக்கு அதுவே போதும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தோம், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது.


பழைய_ஹார்பர்:

இந்தப் பாப்பா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் போலிருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், வடசென்னையில் ஒரு பழைய கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். தம்பி கேட்ட நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

சங்கம் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, குறைந்தது ஏழு பேர் வேண்டும், நோக்கம், விதிமுறை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நோக்கத்தில் "மாணவர்களுக்குக் கல்வி உதவி, திரும்பப் பெறும் வகையிலும் பெறாத வகையிலும்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள், பின்னால் தணிக்கையாளர் கேட்கமாட்டார். வட்டி என்ற பேச்சே எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே பேட்ச்சாக இருக்கக்கூடாது, நண்பர்களுக்குள் கணக்கு கேட்கக் கூச்சப்படுவார்கள். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பாதிச் சங்கங்கள் முடங்கிப் போகின்றன.

வரிச்சலுகை கேட்பார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தில் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்குச் சலுகை) என்று சொல்லும் இரண்டும் வருமான வரித் துறையில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். 80ஜி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. உங்கள் பேட்ச்சில் சம்பளக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் புதிய முறைக்குப் போயிருப்பார்கள், அதனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் கவனம் வேண்டும். துபாயில் இருக்கும் நண்பர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது, வங்கி வழியாகத் தாராளமாக வாங்கலாம். பெரம்பூர் சார் மாதிரி வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கத்துக்குப் பணம் தரக்கூடாது. சார் தப்பாக நினைக்க வேண்டாம், உங்களிடம் பணத்தை விட நேரம் வாங்கிக்கொள்வதுதான் சங்கத்துக்குப் பத்திரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோவில் உட்கார்ந்து நான்கு பிள்ளைகளுக்கு இன்டர்வியூ எடுத்துக் காட்டுங்கள்.

பணம் கொடுக்கும்போது பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், கல்லூரியின் ஃபீஸ் கணக்குக்கு நேராக அனுப்பி, ரசீது பிள்ளையின் பெயரில் வாங்குங்கள். அப்போது பெரம்பூர் சார் சொன்ன நாக் கணக்கிலும் அது வரும், சங்கம் கல்லூரிக்கு என்ன செய்தது என்பதற்கு அதுவே ஆதாரம். நிர்வாகத்துக்கும் நிலுவை வசூலாகிறது, அவர்கள் ஏன் வேண்டாம் என்பார்கள்?

அப்புறம் கல்விக்கடன். 4 லட்சம் வரை பிணையும் கேட்கக்கூடாது, நம் கையிலிருந்து போடும் மார்ஜினும் கேட்கக்கூடாது. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, ஆனால் வங்கி மேனேஜர் அறைக்குள் அந்த அப்பாவோ அம்மாவோ தனியாகப் போனால் "அந்தப் பேப்பர் கொண்டு வா, இந்தப் பேப்பர் கொண்டு வா" என்று மூன்று மாதம் அலைவார்கள். கூட நம்மில் ஒருவர், சட்டையை இன் பண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்து, எந்த விதியில் பிணை கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால் விஷயம் நகரும். நாங்கள் இதைச் செய்கிறோம். கையிலிருந்து காசு எதுவும் செலவாவதில்லை, அரை நாள் லீவு போட வேண்டும், அவ்வளவுதான்.


பெரம்பூர்_சிங்கை:

ஐயா, தப்பாக நினைக்கவே இல்லை, எஃப்.சி.ஆர்.ஏ. விஷயம் எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஃபீஸ் கணக்குக்கே நேராகப் போகிறது என்றால் என் எதிர்ப்பில் முக்கால்வாசி போய்விட்டது. லேப் பற்றி மட்டும் இன்னும் என் கருத்து மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூவுக்கு நான் தயார், கல்மண்டபம் தம்பி பிள்ளைகளை ஏற்பாடு செய்யட்டும், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் பேசப் பயப்படும் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். எனக்கு முதல் வேலை கிடைக்காமல் போனது அந்த ஒரு காரணத்தால்தான், பாடம் எல்லாம் தெரியும், வாய் திறக்கவில்லை.


கல்மண்டபம்2014:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பதிவை அப்படியே குழுவில் போட்டேன், இரண்டு நாளாக அங்கே பேச்சு இதுதான்.

முடிவு இப்படி வந்திருக்கிறது. ஆர்ச்சுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான்கு பேர் உறுதியாக இருக்கிறார்கள், அவர்கள் கொடுக்கட்டும், யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. மிச்சப் பேர் எல்லோரும் ஃபீஸ் நிதிக்கு ஒத்துக்கொண்டார்கள். தங்கை சொன்னபடி திருப்பிக் கொடுக்கும் பணமாகத்தான் வைக்கிறோம், தடைக்காலம் முடிந்து இரண்டு மாதம் வரை தவணை, முடியாதவர்களை மென்டர் சொன்னால் விட்டுவிடுவது. திரும்பி வருவதை அக்டோபர், நவம்பர் செமஸ்டருக்குச் சுற்றுக்கு விடலாம், அந்தச் சமயம் மழையும் புயலும் என்று மறுபடி கடல் மூடிவிடும். பெயர் எங்கும் வெளியே வராது, போட்டோ கிடையாது, இதை விதிமுறையிலேயே எழுதிவிடுகிறோம்.

பாரிமுனையில் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கும் எங்கள் சீனியர் ஒருவர், ஒரு தடவைக்கு மூன்று பிள்ளைகளை ஒரு மாதம் உட்கார வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சாப்பாடும் பஸ் காசும் கொடுப்பார். எர்ணாவூர் தங்கை, உனக்கும் உன் காட்டுக்குப்பம் ஃப்ரெண்டுக்கும் வேண்டுமென்றால் சொல்லும்மா, நம் கல்லூரி இல்லை என்பதெல்லாம் பார்க்க வேண்டாம். தனிச் செய்தியில் ஆபீஸ் நம்பர் அனுப்புகிறேன், வீட்டில் யாராவது பெரியவர்களோடு முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

டீச்சர் மேடத்திடம் ஒரு கேள்வி. ரிஜிஸ்ட்ராருக்குக் கடிதம் எழுதுவது சரி, ஆனால் ஆர்ச் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இதை மட்டும் எழுதினால் முகம் சுளிப்பார்களா? எப்படி ஆரம்பிப்பது?


மாதவரம்_டீச்சர்:

ஆர்ச் கடிதத்துக்குத் தனியாக, நான்கு பேர் கொடுக்கிறார்கள் என்று நன்றி சொல்லி ஒரு பதில் போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தில் ஆர்ச் என்ற வார்த்தையே வர வேண்டாம். "நிலுவையில் இருக்கும் கட்டணத்தைச் செலுத்த மாணவர்களுக்கு உதவ விரும்புகிறோம்" என்று ஆரம்பியுங்கள், நிலுவை வசூலாகும் என்றால் எந்த ரிஜிஸ்ட்ராரும் மேற்கொண்டு படிப்பார். தேதி முக்கியம். மார்ச் முதல் வாரத்துக்குள் சர்க்குலர் வந்தால்தான் மென்டர்கள் பிள்ளைகளிடம் பேசி ஏப்ரல் ஹால் டிக்கெட்டுக்கு முன்னால் பணம் போய்ச் சேரும். சங்கம் பதிவாகிற வரை காத்திருந்தால் இந்த வருடம் போய்விடும், முதல் தடவை நீங்களே தனித்தனியாக ஃபீஸ் கணக்குக்குக் கட்டிவிடுங்கள், ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


பழைய_ஹார்பர்:

மேடம் சொல்வது சரி. விதிமுறை மாதிரி ஒன்று எங்கள் சங்கத்தில் இருக்கிறது, தமிழில்தான் இருக்கிறது, தம்பிக்கு அனுப்பிவைக்கிறேன். ஏழு பேர் ஆதார், முகவரிச் சான்று எல்லாம் இப்போதே வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வைத்துவிடு. ஏழாவது ஆள் கையெழுத்துப் போட வராமல்தான் எல்லாச் சங்கமும் தள்ளிப்போகும், அதனால் ஒன்பது பேராகப் பிடி.